சார்லசு டார்வினின் மகரந்தச் சேர்க்கை ஆய்வுகள்

சார்லசு டார்வின் (பெப்ரவரி 12, 1809 – ஏப்ரல் 19, 1882) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியல் அறிஞர் ஆவார். 1859 இல் வெளியான உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலால் உலகப் புகழ் பெற்றார். அப்புகழின் நிழலில், அவர் பிற்காலத்தின் பெரும்பகுதியைச் செடிகொடிகளுடன் கழித்தது பலருக்கும் தெரியாமற் போயிற்று. தன் மகரந்தச் சேர்க்கைக்கும் அயல் மகரந்தச் சேர்க்கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பல செடியினங்களில் சோதித்து எண்களால் காட்டியவர் அவரே.

வாழ்க்கை

சுரூசுபரியில் பிறந்த டார்வின், 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். 1839 இல் தாய்மாமன் மகளான எம்மா வெட்சுவூடை மணந்தார். 1842 இல் இலண்டனுக்கு அருகிலுள்ள டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். பத்துக் குழந்தைகளுள் மூவர் இளமையிலேயே இறந்தனர். நெருங்கிய உறவில் நிகழ்ந்த தம் திருமணம் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கெடுத்ததோ என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. 1871 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுமுறைத் திருமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்க முயன்றார். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதரிடம் கேட்க இயலாத கேள்வியை அவர் செடிகளிடம் கேட்டார் எனலாம்.

சோதனைகள்

தொடக்கம் தற்செயலானது. மரபுப் பண்புகளை ஆராய்வதற்காக லினேரியாச் செடியின் இருவகை விதைகளையும் தனித்தனிப் பாத்திகளில் விதைத்தபோது, அயற்கலப்பில் தோன்றியவை உயரமும் வலிமையும் மிக்கு நின்றன. அதன்பின் பதினோர் ஆண்டுகள் இவ்வாய்விலேயே ஈடுபட்டார். பூச்சிகள் அணுகாதவாறு செடிகளை வலையால் மூடி, மகரந்தத்தைத் தம் கையாலேயே இட்டார். ஒரே வேளையில் முளைத்த இருவகை நாற்றுகளை ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டு உயரத்தை அளந்தார். முடிவுகள் 1876 இல் நூலாக வெளிவந்தன. அதில் 57 இனங்கள் இடம்பெற்றன.

சர்க்கரைவள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த ஐப்போமியா பர்பூரியா கொடியைப் பத்துத் தலைமுறை வளர்த்தார். அயற்கலப்புக் கொடிகளின் சராசரி உயரத்தை 100 எனக் கொண்டால், தற்கலப்புக் கொடிகளின் உயரம் 77 ஆகவே இருந்தது. ஆயினும் ஆறாம் தலைமுறையில் ஒரு தற்கலப்புக் கொடி தன் இணையை விஞ்சி வளர்ந்தது. அதற்கு "வீரன்" எனப் பொருள்படும் பெயரிட்டார். விதியை மீறிய செடியை ஒதுக்காமல் அதன் வழித்தோன்றல்களையும் வளர்த்துப் பார்த்தது அவரது நேர்மைக்குச் சான்று; அவையும் வலிமையாகவே இருந்தன.

இடத்துக்கு இடம் வேறுபாடு

ஒரே இனமும் எங்கும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. தென் பிரேசிலில் பிரிட்சு முல்லர் வளர்த்த கலிபோர்னியா பாப்பி தன் மகரந்தத்தால் விதை தரவில்லை. இங்கிலாந்திலோ ஓரளவு தந்தது. டார்வின் பிரேசில் விதைகளைத் தருவித்து டவுனில் வளர்த்தபோது, அவற்றின் வழிவந்த செடிகளும் தற்கலப்பால் விதை தரத் தொடங்கின. தட்பவெப்ப மாற்றமே காரணம் என அவர் கருதினார். ரெசிடாச் செடியிலோ ஒரே இடத்தில் வளர்ந்தவற்றுள்ளும் சில தற்கலப்பை ஏற்றன, சில ஏற்கவில்லை.

தேனீயை ஒத்த மலருடைய ஆபிரிசு ஆர்க்கிடு அவரைப் பெரிதும் குழப்பியது. பூச்சியை ஈர்க்கும் வடிவம் இருந்தும் இங்கிலாந்தில் அது தானே கருவுற்றது. நடுநிலக்கடற் பகுதியில் ஆண் தேனீக்கள் அதனை நாடி வருவதுண்டு.

பிற்கால மதிப்பீடு

தற்கலப்பு ஏன் வலிமையைக் குறைக்கிறது என்பதை டார்வினால் விளக்க இயலவில்லை. மெண்டலின் 1866 ஆம் ஆண்டுக் கட்டுரை 1900 வரை கவனிக்கப்படவில்லை. ஒடுங்கிய நிலையில் மறைந்திருக்கும் தீய மரபணுக்கள் தற்கலப்பில் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படுவதே முதன்மைக் காரணம் என இன்று அறியப்படுகிறது. டார்வின் அளந்த 15 இணை மக்காச்சோளச் செடிகளின் கணக்கை 1935 இல் ரொனால்டு பிசர் மீண்டும் எடுத்து, புள்ளியியல் பாடமாகத் தம் நூலில் ஆராய்ந்தார்.