புத்தகம் கட்டிய பெடியன் – மைக்கல் பரடே

1991 முதல் 2001 வரை இந்த நாட்டில் புழங்கிய இருபது பவுண் நோட்டில் ஒருவருடைய படம் இருந்தது. சம்பளக் கவரைத் திறந்து காசை எண்ணிய எங்களில் எத்தனை பேர் அந்த முகத்தைக் கவனித்தோம்? அவர்தான் மைக்கல் பரடே.

1791இல் தென் லண்டனில், எலிபன்ட் அன்ட் காசிலுக்குக் கிட்டப் பிறந்தவர். தகப்பன் கொல்லர். வீட்டில் வறுமை. எழுத, வாசிக்க, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான் பள்ளிக்கூடம் குடுத்தது. 14 வயதில் ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருசம்.

கட்ட வந்த புத்தகங்களை அவர் வாசிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணியின் இரசாயனப் புத்தகமும் அவரைப் பிடித்துக்கொண்டன. வாசித்ததோடு விடவில்லை. கையிலிருந்த சில்லறைக்கு ஏற்றபடி செய்து பார்த்தார். 1812இல் ஏழு அரைப்பெனிக் காசுகளையும் ஏழு நாகத் தகடுகளையும் அடுக்கி, இடையில் உப்புத்தண்ணியில் நனைத்த கடதாசி வைத்து மின்கலம் செய்தார். விளங்கியதைச் சிநேகிதனுக்குக் கடிதமாக எழுதினார்.

பின்னேரங்களில் ஒரு ஷிலிங் குடுத்து விஞ்ஞான வகுப்புக்குப் போனார். காசு குடுத்தது தமையன். அதே 1812இல் றோயல் இன்ஸ்டிடியூசனில் ஹம்ப்ரி டேவியின் நாலு விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, பிறகு விரித்து எழுதி, படம் கீறி, தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். கைத்தொழிலை விடவேண்டாம் என்றுதான் டேவி முதலில் புத்தி சொன்னார். ஆனாலும் 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது.

உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூளைத் தூவி, அது காட்டிய கோடுகளை வைத்து யோசித்தார். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் வரும் என்று 1831இல் கண்டார். மின் நிலையங்களில் சுழலும் ஜெனரேற்றருக்கு அடிப்படை அதுதான். அதைப் பின்னர் கணிதமாக்கியவர் மக்ஸ்வெல். 1867இல் பரடே காலமானார்.

பௌதிகம் விளங்கேல்லை எண்டு பிள்ளை புத்தகத்தை மூடினால், இன்னொரு ரியூசன் தேட முன்னம், பாடத்தைத் தன்ர சொல்லில் எழுதச் சொல்லுங்கோ. குசினி மேசையில் செய்து பார்க்க இடம் குடுங்கோ. உங்களுக்கு விளங்கப்படுத்தச் சொல்லி, வேலைக் களைப்போடையாவது இருந்து கேளுங்கோ. ஏ.எல்.லோடு படிப்பு நின்றுபோன எங்களுக்கும் இது பொருந்தும். பரடேயும் வேலை முடிந்த பிறகுதான் படித்தவர்.

இந்தச் சித்திரைக்குக் கைவிசேடத்தோடு ஒரு வெறுங்கொப்பியும் குடுப்பம்.