அன்னை அன்னா டெங்கல்

பிரசவ வேதனையில் துடிக்கும் ஸ்திரீயின் அருகில் தேர்ந்த கன்னிகாஸ்திரீ ஒருவர் நின்றும், அவர் கை வைக்கலாகாது என்று விதி தடுக்குமாயின் அதனை என்னென்பது? கத்தோலிக்க திருச்சபையில் 1936-ம் ஆண்டு வரை இத்தகைய தடை இருந்து வந்தது. பகிரங்கமாக விரதம் பூண்ட கன்னியர் வைத்தியத் தொழில் நடத்துவதும் பிரசவம் பார்ப்பதும் கூடாதென்பது அவ்விதி. அது அகலுவதற்குப் பெரிதும் பாடுபட்டவர்களுள் ஒருவர் அன்னா டெங்கல்.

இவர் 1892-ம் வருஷம் மார்ச்சு 16-ந் தேதி ஆஸ்திரியாவில் டிரோல் மலைநாட்டு ஸ்டீக் கிராமத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தவர். ராவல்பிண்டியில் பெண்களுக்கென ஆஸ்பத்திரி ஏற்பட முயன்ற ஸ்காட்லாந்து மாது, வைத்தியர் ஆக்னஸ் மக்லாரனோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். 1913-ல் மக்லாரன் காலமானார். இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் கண்டதேயில்லை. எனினும் அவர் காட்டிய வழியே அயர்லாந்து சென்று, கார்க் கலாசாலையில் பயின்று 1919-ல் வைத்தியப் பட்டம் பெற்றார் டெங்கல். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவில் செல்லத்தக்க பட்டம் வேண்டியிருந்ததே இதற்குக் காரணம்.

1920-ல் ராவல்பிண்டி சேர்ந்தார். அங்கே கோஷாப் பெண்கள் உயிர் போவதாயினும் ஆண் வைத்தியர் முன் வர இசையார். இவரொருவர் எத்தனை வீடுகளுக்குத்தான் செல்ல முடியும்? நாலைந்து வருஷங்களில் உடலும் உள்ளமும் சோர்ந்து ஊர் திரும்பினார். சமயப் பணியாளரின் நோக்கங்களைப் பற்றி நம்மவரிடையே பலவித அபிப்பிராயங்கள் உண்டு. அவை ஒருபுறம் கிடக்க, அந்தச் சோர்விலிருந்து இவர் கண்ட முடிவையே நாம் வியக்கிறோம். தனியொரு வைத்தியரால் ஆகாததை வைத்தியர்களும் தாதிகளும் சேர்ந்த ஒரு சங்கம் செய்யலாம் அல்லவா? 1925-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி வாஷிங்டன் நகரில் நான்கு பெண்களுடன் அச்சங்கம் தோன்றிற்று. தடை காரணமாகப் பகிரங்க விரதம் எடாமலே பதினோராண்டு பணியாற்றினர். 1936 பிப்ரவரியில் ரோமாபுரியின் ஆணை பிறந்தது. கன்னியர் பிரசவம் பார்க்கலாமென்றாயிற்று.

அதன் பயனை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ ராஜ்யத்தில் காணலாம். ஸ்பானிஷ் மொழி பேசும் ஏழைக் குடும்பங்கள் மிகுந்த சாண்டா பே நகரில் 1944-ல் சங்கத்தார் பிரசவ நிலையமொன்றும், பதிவு பெற்ற தாதிகளை மருத்துவச்சிகளாக்கும் பள்ளியொன்றும் தொடங்கினர். சகோதரி தியோபேன் ஷூமேக்கர், சகோதரி ஹெலன் ஹெர்ப் ஆகிய இருவரும் இவ்வித்தையை நியூயார்க்கில் கற்று வந்தவர்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்யத் தெரிந்த தாதிக்குப் பிரசவம் நடத்தவும் தெரியுமென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கர்ப்பிணியைச் சோதித்தல், ஆபத்தின் அறிகுறியை முன்கூட்டியே உணர்தல், எப்போது பொறுத்திருப்பது, எப்போது வைத்தியரை அழைப்பது என்று துணிதல் ஆகியவை வேறொரு வித்தை. அதனை மாணவிகள் தாய்மாரின் வீடுகளுக்கே சென்று பயின்றனர். அமெரிக்கக் கத்தோலிக்க சர்வகலாசாலையும் இப்பள்ளியை இணைத்துக்கொண்டது. கால் நூற்றாண்டு நடந்தபின் 1969-ல் நிலையம் மூடப்பட்டது.

1967 வரை சங்கத் தலைமையை வகித்த டெங்கல், 1980-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி ரோமாபுரியில் காலமானார். ராவல்பிண்டியில் அவர் சங்கத்தார் நிறுவிய திருக்குடும்ப ஆஸ்பத்திரி பின்னர் பாகிஸ்தான் சர்க்கார் வசமாயிற்று.