அசையும் சிற்பம் தந்த கால்டர்

சிற்பம் என்றதும் கல்லும் உளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அசையாது நிற்பதே சிற்பத்தின் இயல்பு என்றும் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தை மாற்றியமைத்த மேதை அலெக்சாண்டர் கால்டர். அவருடைய கம்பிச் சர்க்கஸைப் பற்றி 1961-ஆம் ஆண்டில் கார்லோஸ் விலார்தெபோ எடுத்த ஆவணப்படத்தை நான் கண்டேன். அறுபது வயதைக் கடந்த அப்பெரியவர் தரையில் அமர்ந்து, கம்பியாலும் தக்கையாலும் துணியாலும் தாம் செய்த பொம்மைகளை ஆட்டி மகிழ்கிறார். இது கலையா, குழந்தை விளையாட்டா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அவருடைய வாழ்க்கையே அதற்கு விடையாகும்.

கால்டர் 1898-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் சிற்பிகள், தாயார் ஓவியர். ஆயினும் அவர் முதலில் பயின்றது இயந்திரப் பொறியியல். 1919-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஓவியம் கற்று, 1926-இல் பாரிஸ் சென்றார். அங்கு அவர் செய்யத் தொடங்கிய கம்பிச் சர்க்கஸ் வளர்ந்து ஐந்து பெட்டிகளை நிறைத்தது.

1930-இல் ஓவியர் மோந்திரியானின் பணிக்கூடத்திற்குச் சென்றார். சுவரில் இருந்த வண்ணச் செவ்வகங்கள் அசைந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. அதன் பயனாகப் பிறந்தவை அசையும் சிற்பங்கள். 1931-இல் அவற்றுக்கு ‘மொபைல்’ என்று பெயரிட்டவர் மார்செல் துஷாம். முதலில் சில சிற்பங்களை மின்பொறியால் இயக்கிய கால்டர், பின்னர் அப்பணியைக் காற்றிடமே ஒப்படைத்தார். தராசுக் கோல்போல் ஒரு கம்பியின் இருபுறமும் எடை சமநிலையில் நிற்க, அக்கம்பி மற்றொன்றில் தொங்கும். இளங்காற்றுப் பட்டாலும் அனைத்தும் அசையும். பொறியியல் அறிவு இங்கே கலையாக மலர்ந்தது.

1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் துன்புற்றது. பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் அரங்கில், பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ ஓவியம் இருந்த இடத்திலேயே, கால்டர் ஒரு நீரூற்றை அமைத்தார். அதில் ஓடியது நீரன்று, பாதரசம். பிராங்கோவின் படைகள் கைப்பற்ற முயன்ற அல்மாதேன் சுரங்கத்தை அது உலகுக்கு நினைவூட்டியது. தகடுகளின்மேல் உருண்டோடும் பாதரசத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், தாக்குதலுக்கு உள்ளான ஓர் ஊரின் பெயரையும் கம்பி எழுத்துகளில் கண்டார்கள்.

1952-இல் வெனிஸ் கலைவிழாவின் சிற்பத்திற்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது. 1955-இல் இந்தியா வந்து, அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கிச் சிற்பங்கள் செய்தார். 1976-இல் நியூயார்க்கில் மறைந்தார்.

விளையாட்டு வேறு, விளையாட்டுத்தனம் வேறு. முன்னதில் முழு மனமும் ஈடுபடுகிறது. பின்னதில் எதுவுமே ஈடுபடுவதில்லை. தேர்வுக்காக மட்டும் படித்துக் களைத்துப்போகும் மாணவர்களாகிய நமக்குக் கால்டர் விட்டுச்சென்ற பாடம் இதுவே. அந்தப் பாதரச ஊற்று இன்றும் பார்சிலோனாவில், நச்சு ஆவி பரவாதிருக்கக் கண்ணாடிக்குப் பின்னால், ஓடிக்கொண்டிருக்கிறது.