சிற்றூர்ப் பொருளியல் கண்ட ஜே.சி. குமரப்பா

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவர் எழுதியது)

முன்னுரை

வறுமை ஏன் வந்தது, அதை எவ்வாறு போக்குவது என்னும் இரு வினாக்களைச் சுற்றியே பொருளியல் வளர்ந்துள்ளது எனலாம். ஆடம் ஸ்மித் முதல் அமர்த்தியா சென் வரை பல அறிஞர்களின் கருத்துகளை வகுப்பறையில் பயில்கிறோம். ஆனால் நம் தஞ்சை மண்ணில் பிறந்து, மேலை நாட்டில் பயின்று, இந்தியச் சிற்றூர்களின் வறுமைக்குக் கணக்கெழுதிய ஜே.சி. குமரப்பாவின் பெயர் தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண் வினாவோடு முடிந்துவிடுகிறது. அன்னாரின் வாழ்வை நண்பர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் தனிக் காரணமும் உண்டு. நான் வல்லக்கோட்டையைச் சேர்ந்தவன். முருகப்பெருமான் கோயிலால் பெயர் பெற்ற எங்கள் ஊரைச் சுற்றிலும் இன்று திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்சாலைகள் நிற்கின்றன. குமரப்பா எழுப்பிய வினாக்களுக்கு விடை தேட நான் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

பிறப்பும் கல்வியும்

1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறை அலுவலர். சென்னையில் பயின்றபின் இலண்டன் சென்று கணக்குத் தணிக்கைத் தொழில் கற்றார். பம்பாயில் தணிக்கை அலுவலகம் நடத்தினார். நல்ல வருவாய், மேனாட்டு உடை, வசதியான வாழ்வு என எதற்கும் குறைவில்லை.

1927இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகப் பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதியியல் பயின்றார். இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது பற்றி அங்கு அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர், அதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டப் புரட்ட உண்மை புலனாயிற்று. ஏழை உழவன் தந்த வரிப்பணத்தில் பெரும்பகுதி படைச் செலவுக்கும், கடன் வட்டிக்கும், உயர் அலுவலர் ஊதியத்துக்கும் போயிற்று. கல்விக்கும் நலவாழ்வுக்கும் எஞ்சியது சொற்பமே. வறுமை தலைவிதியன்று, நிதிக் கொள்கையின் விளைவே என்று அவர் தெளிந்தார். பிறர் வருமானத்தைத் தணிக்கை செய்தவர், ஒரு பேரரசையே தணிக்கை செய்யத் தொடங்கினார்!

காந்தியடிகளுடன்

தாயகம் திரும்பியவர் 1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் அண்ணலைச் சந்தித்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை அண்ணலின் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளிவந்தது. மேனாட்டு உடை கதராயிற்று. பாட்டனாரின் பெயரான குமரப்பா என்பதே அவர் பெயராயிற்று. தம்பி பாரதன் குமரப்பாவும் அதே வழியில் நடந்தார்.

காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்த முதற்பணி, குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்தைக் கணக்கெடுப்பது. குசராத் வித்தியாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்குச் சென்றார். ஒவ்வோர் உழவுக் குடும்பத்தின் வரவென்ன, செலவென்ன, கடனென்ன, நிலவரி எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். விளைச்சல் தரும் வருவாய்க்கும் அரசு கேட்கும் வரிக்கும் பொருத்தமே இல்லை என்பதை அந்த அறிக்கை எண்களால் மெய்ப்பித்தது. இந்தியச் சிற்றூர் ஆய்வுகளின் முன்னோடிகளுள் அது ஒன்று. உப்பு அறப்போரின்போது தலைவர்கள் சிறை சென்றதும் ‘யங் இந்தியா’வின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார், அதற்காகத் தாமும் சிறை புகுந்தார்.

1934இல் பீகார் நிலநடுக்கம் பல்லாயிரவர் உயிரைக் குடித்தது. துயர்துடைப்பு நிதியின் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. ஏழைகளுக்கென வந்த பணத்தில் அண்ணலுடன் வந்த குழுவினருக்குக்கூடச் செலவிட இயலாது என்று மறுத்தவர் அவர் என்பர்.

மகன்வாடிப் பணிகள்

அதே 1934இன் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் இருப்பிடம். குமரப்பா அதன் செயலாளர். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சவர்க்காரம், மண்பாண்டம் என ஒவ்வொரு தொழிலுக்கும் அங்கு ஆய்வும் பயிற்சியும் நடந்தன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கே உருவாயிற்று.

இவர் எந்திரத்துக்குப் பகைவர் என்று கருதுவோர் உளர். அது முழு உண்மையன்று. மக்கள் அனைவருக்கும் பொதுவான பெருந்தொழில்கள் பொதுவுடைமையாக இயங்கலாம் என்பதை அவர் ஏற்றார். உண்பதும் உடுப்பதும் போன்ற அன்றாடத் தேவைகள் ஒரு சிலர் கையில் குவிவதையே எதிர்த்தார். பொருள் உற்பத்தி ஓரிடத்தில் குவிந்தால் அதிகாரமும் அங்கேயே குவியும். அதிகாரம் குவிந்த இடத்தில் மக்களாட்சி வாடும் என்பது அவர் கணிப்பு. உழைப்பு என்பது கூலிக்கு விற்கும் சரக்கு மட்டுமன்று. மனிதனின் அறிவும் பண்பும் வளரும் களம் என்றார். முன்னேற்றம் என்பது விடுதலையின் விரிவே என்று 1999இல் அமர்த்தியா சென் நூல் எழுதினார். வேறு வழியில் நடந்து அதே ஊருக்கு அருகில் முன்னமே வந்து சேர்ந்தவர் குமரப்பா என்பது என் கருத்து.

நிலைத்த பொருளாதாரம்

1942இல், போருக்கு இந்தியப் பொருள்களை வாங்கிக்கொண்டு இலண்டனில் கணக்கு வைத்து, இங்கே தாள்பணம் அச்சிடும் முறையைக் கண்டித்து எழுதினார். உணவு கேட்டவனுக்குக் கல் தருவதற்கு அதை ஒப்பிட்டார். அதற்காக அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. சிறைக் கூடமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் அங்கேதான் உருவாயிற்று.

இயற்கையில் ஐவகைப் பொருளாதாரத்தை அந்நூல் காட்டுகிறது. கொன்று தின்னும் புலி; பாடுபடாமல் மாந்தோப்பில் பறித்துத் தின்னும் குரங்கு; தன் கூட்டைத் தானே கட்டும் பறவை; கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ; கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய். மனிதன் முதற்படியிலிருந்து கடைசிப் படிக்கு ஏறவேண்டும் என்பதே அவர் கருத்து. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை. அவற்றை நம்பிய வாழ்வு போட்டியையும் போரையும் தரும். காடும் வேளாண்மையும் போல் மீண்டும் மீண்டும் பிறப்பவற்றை நம்பிய வாழ்வே நிலைக்கும். 1973இல் சிறியதே அழகு என்று நூல் எழுதிய சூமாக்கர், இவருடைய கருத்தை அதில் எடுத்தாண்டார்.

உழுபவன் உரிமை

விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949இல் வெளிவந்த அறிக்கை, இடைத்தரகர்களை அகற்றவும், நிலத்துக்கு உச்சவரம்பு விதிக்கவும், தொடர்ந்து ஆறாண்டுகள் உழுத குத்தகையாளருக்குச் சாகுபடி உரிமை வழங்கவும் பரிந்துரைத்தது.

இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் என் கை நின்றது. என் பாட்டனார் வாய்மொழிக் குத்தகையில் பிறர் நிலத்தை முப்பதாண்டுகளுக்கு மேல் உழுதவர். அந்த நிலம் தொழிற்சாலைக்குப் போனபோது, பட்டா வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. பாட்டனாருக்கு ஒரு தாளும் வரவில்லை. ஏனெனில் அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அதே வேளையில் மற்றொன்றையும் சொல்லவேண்டும். என் அக்காள் இன்று ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். தம் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார். என் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் வருகிறது. பாட்டியார் காலத்தில் எண்ணிப் பார்க்க இயலாத விடுதலை இது. ஆனால் அவர் ஒப்பந்தத் தொழிலாளர். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது அவருக்கே தெரியாது. ஒரே வீட்டில் ஒரு கை பெற்றதையும் மறு கை இழந்ததையும் எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

முடிவுரை

இறுதி ஆண்டுகளை மதுரைக்கு அருகில் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். மணம் செய்துகொள்ளவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை. 1960 சனவரி 30ஆம் நாள், அண்ணல் மறைந்த அதே நாளில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் இயற்கை எய்தினார்.

குமரப்பா சொன்ன தீர்வுகள் அனைத்தும் இன்று பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. செக்கு மட்டும் ஒரகடத்து இளைஞர் அனைவருக்கும் சோறு போடாது. ஆனால் அவர் கேட்ட முறை பொருந்தும். தொழில் வளர்ந்தது என்றால், யார் கையில் வளர்ந்தது? ஏரிநீர் யாருக்குப் போகிறது? நிலமில்லாதவன் என்ன ஆனான்? இவற்றுக்கு மேடைப் பேச்சு விடையாகாது. வீடு வீடாகச் சென்று கேட்ட கணக்கே விடையாகும்.

ஆகவே நம் பொருளியல் துறைப் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்தர் வட்டத்தில் அன்று கணக்கெடுத்தவர்களும் நம்மைப் போன்ற மாணவர்களே. வரும் விடுமுறையில் வல்லக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், நிலம் விற்றவர், குத்தகை இழந்தவர், ஒப்பந்த வேலை செய்பவர் ஆகியோரின் வரவு செலவை நாம் எழுதுவோம். வழிகாட்ட நான் முன்னே வருகிறேன். குமரப்பாவுக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் அதுவே.