எம்மா டர்னர்

எம்மா லூயிசா டர்னர் (ஜூன் 9, 1867 – ஆகஸ்ட் 13, 1940) இங்கிலாந்தைச் சேர்ந்த பறவையியலாளரும் ஒளிப்படக் கலைஞரும் எழுத்தாளரும் ஆவார். பிரித்தானியாவில் இனப்பெருக்கம் செய்வதை முற்றிலும் நிறுத்திவிட்டதாகக் கருதப்பட்ட பெருங்குருகு என்னும் நீர்ப்பறவை அங்கு மீண்டும் குஞ்சு பொரித்துள்ளதை 1911 ஆம் ஆண்டில் ஒளிப்படச் சான்றுடன் நிறுவியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

பிறப்பும் தொடக்க காலமும்

எம்மா டர்னர் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள லாங்டன் கிரீன் என்னும் ஊரில் பிறந்தார். 1900 ஆம் ஆண்டளவில், பறவை ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ரிச்சர்ட் கியர்டனைச் சந்தித்த பின்னரே இவர் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கினார். அக்காலத்தில் அரிய பறவை ஒன்று காணப்பட்டால் அதனைச் சுட்டு வீழ்த்தி, பாடம் செய்து வைப்பதே சான்றாகக் கொள்ளப்பட்டது. பறவையைக் கொல்லாமலேயே சான்று அளிக்கும் வழியை ஒளிப்படக்கலை திறந்துவிட்டது.

நார்போக்கில் பணிகள்

கிழக்கு இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில், பிராட்ஸ் எனப்படும் ஆழமற்ற நன்னீர் ஏரிகளும் நாணல் அடர்ந்த சதுப்பு நிலங்களும் உள்ளன. டர்னர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்டின் ஒரு பகுதியை இங்குள்ள ஹிக்லிங் ஏரியில் கழித்தார். தாமே வடிவமைத்த படகு வீட்டில் தங்கினார். அப்பகுதியில் தாம் முதன்முதலாக ஒளிப்படம் எடுத்த நீர்ப்பறவையின் பெயரையே அதற்கு 'வாட்டர் ரெயில்' எனச் சூட்டினார். அக்காலத்து ஒளிப்படக் கருவிகள் கண்ணாடித் தகடுகளைக் கொண்டவை, எடை மிகுந்தவை. அவற்றைச் சுமந்து சென்று, நாணல்களால் மூடப்பட்ட மறைவிடங்களில் அசையாது காத்திருந்து படம் எடுக்க வேண்டியிருந்தது.

பெருங்குருகு

சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டமை, வேட்டை, முட்டை சேகரிப்பு ஆகியவற்றால் பெருங்குருகு 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் இனப்பெருக்கம் செய்வது நின்றுபோனது. ஆபத்து நேரும்போது இப்பறவை அலகை வானோக்கி நிமிர்த்தி நிற்கும். கழுத்தின் கோடுகள் நாணல் தண்டுகளோடு ஒன்றிப்போவதால் அருகில் இருப்போரும் அதனைக் காண்பது அரிது. 1911 ஆம் ஆண்டு கோடையில் ஹிக்லிங்கின் காவலர் ஜிம் வின்சென்டுடன் இணைந்து தேடிய டர்னர், நாணல்களிடையே பறக்க இயலாத இளங்குருகு ஒன்றைக் கண்டு ஒளிப்படம் எடுத்தார். பறக்க இயலாத குஞ்சு வேற்றிடத்திலிருந்து வந்திருக்க முடியாது என்பதால், அது அங்கேயே பொரித்தது என்பது உறுதியானது. கொண்டை முக்குளிப்பானின் ஒளிப்படத்திற்காக இவருக்கு அரச ஒளிப்படக் கழகத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

ஸ்கோல்ட் ஹெட் தீவு

நார்போக் கடற்கரையை ஒட்டிய ஸ்கோல்ட் ஹெட் தீவில் ஆலாக்கள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. 1923 ஆம் ஆண்டில் இத்தீவு நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உடைமையானது. 1924 இல் டர்னர் இதன் முதற் காவலராகப் பொறுப்பேற்று, 1924, 1925 ஆம் ஆண்டுகளின் இனப்பெருக்கக் காலங்களில் குடில் ஒன்றில் தங்கிக் கூடுகளைப் பாதுகாத்தார். அப்போது இவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. செய்தித்தாள்கள் இவரை இங்கிலாந்திலேயே மிகத் தனிமையான பெண்ணாகச் சித்தரித்தன.

சிறப்புகள்

1904 ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் கழகம் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தபோது அவர்களுள் டர்னரும் ஒருவராக இருந்தார். 1921–22 இல் நார்போக், நாரிச் இயற்கையியலாளர் கழகத்தின் தலைவராகப் பணியாற்றினார். 'பிராட்லாண்ட் பேர்ட்ஸ்' (1924), 'பேர்ட் வாட்சிங் ஆன் ஸ்கோல்ட் ஹெட்' (1928) ஆகியன இவருடைய நூல்களுள் குறிப்பிடத்தக்கவை.

இறுதிக் காலம்

வாழ்நாள் முழுவதும் பறவைகளை உற்றுநோக்கிய டர்னர் தம் இறுதி ஆண்டுகளில் பார்வையை இழந்தார். 1940 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் காலமானார். இவர் கண்டறிந்த மீள்வருகை நிலையானதாக அமையவில்லை. 1997 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் குரலெழுப்பும் ஆண் பெருங்குருகுகள் 11 மட்டுமே கணக்கிடப்பட்டன. நாணற்படுகைகள் மீட்டெடுக்கப்பட்டதன் பயனாக 2020களில் அவற்றின் எண்ணிக்கை 200 ஐக் கடந்தது.