குழம்பு வைத்த புரட்சி வீரர்!

ஜப்பான் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் குட்டீஸ்? புல்லட் ரயில், ரோபோ, கார்ட்டூன்... ஆனால், நம் நாட்டுக் கோழிக்குழம்பும் அங்கே ரொம்பப் பிரபலம். டோக்கியோ நகரின் ஷின்ஜுகு பகுதியில், 1927ல் விற்கத் தொடங்கிய குழம்பு, இன்றும் அங்கே கிடைக்கிறது!

அதை அறிமுகப்படுத்தியவர் சமையல்காரர் அல்ல. ஆங்கில அரசு வலை வீசித் தேடிய சுதந்திரப் போராட்ட வீரர். பெயர், ராஷ் பிகாரி போஸ். நேதாஜி சுபாஷ் சந்திர போசுக்கு முன்பே, வெளிநாட்டிலிருந்து போராடியவர்.

வங்காளத்தில், 1886ம் ஆண்டு, மே 25ல் பிறந்தார். டேராடூனில், வன ஆராய்ச்சி நிலையத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பகலில் அரசாங்க வேலை. மறைவில் புரட்சி வேலை!

டில்லியில், 1912 டிசம்பர் 23ல், வைஸ்ராய் ஹார்டிஞ்ச் யானை மீது ஊர்வலம் வந்தபோது குண்டு வெடித்தது. வைஸ்ராய் காயத்துடன் தப்பினார். யானை மீது அவருடன் இருந்த பணியாள் இறந்து போனார். திட்டம் போட்டவர் போஸ் என்று போலீசார் கண்டுபிடித்தனர். அவரைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று அறிவித்தனர். 1915ல், இந்தியப் படைவீரர்களைத் திரட்டிப் புரட்சி செய்யும் முயற்சியும் தோற்றது. இனி, நாட்டில் இருக்க முடியாது!

என்ன செய்தார் தெரியுமா? கவிஞர் தாகூரின் உறவினர் போல, பி.என்.தாகூர் என்று பெயரை மாற்றிக்கொண்டு, கொல்கத்தாவில் கப்பல் ஏறி விட்டார். ஜூன் மாதம் ஜப்பானில் போய் இறங்கினார்.

அங்கும் நிம்மதி இல்லை. அப்போது, ஜப்பானும், பிரிட்டனும் நட்பு நாடுகள். நாட்டை விட்டு வெளியேறும்படி, 1915 இறுதியில் ஜப்பான் அரசு உத்தரவிட்டது. வெளியேறினால், ஆங்கிலேயரிடம் சிக்கி, தூக்கு மேடைக்குத் தான் போக வேண்டும்.

அப்போது உதவிக்கு வந்தது ஒரு ரொட்டிக் கடை! நகமுராயா என்ற அந்தக் கடையை நடத்திய சோமா ஐசோவும், அவர் மனைவி கொக்கோவும், கடைக்குப் பின்னால் இருந்த ஓவியக் கூடத்தில் போசை ஒளித்து வைத்தனர். பாஷை தெரியாது, வெளியே தலை காட்ட முடியாது. மாதக்கணக்கில் நான்கு சுவருக்குள்ளேயே கிடந்தார். கடை ஊழியர்களும் ரகசியத்தைக் காப்பாற்றினர். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரருக்காக, ஒரு குடும்பமே ஆபத்தைத் தலையில் சுமந்தது!

மறு ஆண்டு உத்தரவு தளர்ந்தது. ஆனாலும், ஆங்கில ஒற்றர்கள் விடவில்லை. போசுக்குப் பாதுகாப்பாக இருக்க, சோமா தம்பதியின் மகள் தோஷிகோ, 1918ல் அவரைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் வீடு மாற்றி வீடு மாற்றி, மறைந்தே வாழ்ந்தனர். ஒரு மகன், ஒரு மகள் பிறந்தனர். 1925ல், நோய்வாய்ப்பட்டு தோஷிகோ இறந்து போனார். போஸ் உடைந்து போனார்.

சோமா தம்பதி, 1927ல் கடையோடு சேர்த்து சிற்றுண்டிச் சாலை ஒன்றைத் திறந்தனர். அதில், இந்தியக் குழம்பு வைக்கலாம் என்றார் போஸ். அதற்கு முன்பே ஜப்பானில், 'கரீ' என்ற குழம்பு உண்டு. ஆனால், அது ஆங்கிலேயர் வழியாகப் போனது. மைதா மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. நம் நாட்டு உணவு கூட, ஆங்கிலேயர் கை பட்டு, உருமாறிப் போனதே என்று அவருக்கு வருத்தம். நல்ல மசாலா, எலும்போடு வெந்த கோழி, தரமான அரிசிச் சோறு என்று, நம் வீட்டுப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தார். விலையோ, மற்ற கடைக் குழம்பைப் போலப் பல மடங்கு. ஆனாலும், மக்கள் தேடி வந்து சாப்பிட்டனர்.

குழம்போடு போராட்டத்தை மறந்து விடவில்லை. 1942ல், தென்கிழக்கு ஆசியாவில் இருந்த இந்தியர்களை, இந்திய சுதந்திர லீக்கில் ஒன்று சேர்த்தார். சிங்கப்பூரில், 1943 ஜூலை 4ல், தலைமைப் பொறுப்பை மனதார நேதாஜியிடம் ஒப்படைத்தார். மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த ஏராளமான தமிழர்கள், நேதாஜியின் படையில் சேர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சுதந்திரத்தைப் பார்க்க, போசுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1945 ஜனவரி 21ல், டோக்கியோவில் காலமானார். கப்பல் ஏறிய பின், தாய் மண்ணை அவர் மிதிக்கவே இல்லை. 1967ல், இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

செய்து பார்ப்போமா?

குழம்பை உள்ளே வைத்துப் பொரித்த ரொட்டியை, ஜப்பானில், 'கரீ பான்' என்பர். கடைத் தெருவில் சுடச்சுட வாங்கிச் சாப்பிடுவர். அதை நம் வீட்டுக்கு ஏற்றபடி எளிதாகச் செய்யலாம்.

வேகவைத்த இரண்டு உருளைக்கிழங்கை மசித்துக் கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? அரும்பாவூர் குட்டீசுக்குச் சொல்லவே வேண்டாம்! வெங்காயத்தை வதக்கி, மஞ்சள் துாள், மிளகாய்த் துாள், உப்பு, கிழங்கு சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, ஆற விடுங்கள்.

ரொட்டித் துண்டின் ஓரத்தை வெட்டி, தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழியுங்கள். நடுவே மசாலாவை வைத்து, இடைவெளி இல்லாமல் மூடி உருட்டுங்கள். ரொட்டித் துாளில் புரட்டினால் தயார். எண்ணெயில் பொரிப்பதை மட்டும், அம்மாவிடமோ, அப்பாவிடமோ விட்டு விடுங்கள்.

சாப்பிடும்போது, ஊரையே பார்க்க முடியாமல் போன போசையும், அவரை ஒளித்து வைத்த ரொட்டிக் கடையையும் நினைத்துக் கொள்ளுங்கள் குட்டீஸ்!