ஊதியத்துக்குப் பதிலாக ஒரு பெயர்

சில்வெஸ்டர் பூனை ட்வீட்டிக் குருவியைத் துரத்தி, நாயிடம் அடிபடும் கார்ட்டூன்களில் இரண்டுக்கும் குரல் ஒருவருடையதே: 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த மெல் பிளாங்க். பொருளியல் கற்பித்த என்னை ஈர்ப்பது அவர் செய்த பேரம்.

கார்ட்டூன்களில் குரல் கலைஞர்களின் பெயர் இடம்பெறாத காலம். ஊதிய உயர்வு கேட்ட அவருக்குத் தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர் பணத்தை மறுத்து, திரையில் பெயரை மட்டும் அளித்தார். செலவில்லாச் சலுகை என்று எண்ணினார் போலும். அப்பெயர் வானொலியில் அவர் மதிப்பை உயர்த்தியது. 1946இல் தம் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார்.

பூனையும் குருவியும் முதலில் இணைந்த 1947ஆம் ஆண்டுப் படம் ஆஸ்கர் வென்றது. விருதைப் பெற்றவர் பின்வந்த தயாரிப்பாளர் எட்வர்ட் செல்சர். குரல் கொடுத்தவர் அல்லர்.

1961இல் கார் விபத்து. நசுங்கிய பூனை மறுநொடி எழும். பிளாங்கோ மாவுக்கட்டுடன் படுத்தவாறே குரல் பதிவு செய்தார். 1988இல் வந்த ரோஜர் ராபிட் திரைப்படத்திலும் அவ்விரு குரல்களும் அவருடையவையே. மறு ஆண்டு மறைந்தார்.